பீரோவுக்குப் பின்னால் போகும் குழாய்

மேல்வீட்டுக் கக்கூஸில் யார் தண்ணீர் விட்டாலும் கீழ்வீட்டுப் படுக்கையறையில் இடி விழுந்தது. பேச்சுக்காகச் சொல்லவில்லை. முதலில் சர்ரென்று ஓர் ஓட்டம், ஒன்றரை நிமிடம் போல. பிறகு டக்கென்று நிற்கும். நின்ற அடுத்த நொடி டம், டம், டம்டம்டம் என்று சம்மட்டியால் போட்டாற்போல ஐந்தாறு அடி, சுவரோடு சேர்ந்து கட்டிலும் அதிரும். அந்தக் கட்டிலில்தான் கீழ்வீட்டுக்காரியின் புருஷன் பகல் முழுக்கத் தூங்க வேண்டும்.

அவன் ராத்திரி பஸ் ஓட்டுகிறவன். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டை விட்டால் மறுநாள் காலை ஏழுக்குத்தான் திரும்புவான். குளித்துச் சாப்பிட்டு எட்டு மணிக்குப் படுத்தால் மூன்று மணி வரை தூக்கம். அந்த ஏழு மணி நேரத்துக்காக அவள் வீட்டையே கட்டிப் போட்டு வைத்திருந்தாள். சமையலை அவன் வருவதற்குள் முடித்துவிடுவாள். அழைப்பு மணியின் வயரைப் பிடுங்கிவிட்டாள். சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்றதால் அதன் பேட்டரி மேஜை டிராயரில் கிடந்தது. அவளுக்கு இருந்த ஒரே சம்பாத்தியம் தையல் மெஷின். அதையும் மூன்று மணிக்கு மேல்தான் தொடுவாள். காய்கறிக்காரர் அவள் வாசலைத் தாண்டும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு வண்டியைத் தள்ளப் பழகியிருந்தார்.

இவ்வளவையும் ஒரு வால்வு வந்து கெடுத்தது.

மேல்வீட்டில் இருந்தது அவளுடைய நாத்தனாரும் நாத்தனார் புருஷனும். அவருக்குக் குடும்பத்தில் 'இன்ஜினியர்' என்று பெயர். எந்தக் காலேஜ் வாசலையும் மிதிக்காதவர், பெயின்ட் கடையில் முப்பது வருஷம் டப்பா கலக்கியவர். ஆனால் வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும் ஆள் கூப்பிட விடமாட்டார், தானே திறந்து பார்த்துவிடுவார். பாதி சமயம் சரியாகும், மீதி சமயம் இரண்டு நாள் கழித்து ஆள் வருவான். மூன்று வாரத்துக்கு முன் அவர் வீட்டு ஃப்ளஷ் டேங்க் விடாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் நிரப்புகிற பழைய வால்வைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு வாங்கி மாட்டினார். ஒழுகல் நின்றது. இடி ஆரம்பித்தது.

பழைய வால்வு கிழடு. மிதவை மெல்ல மெல்ல ஏறி, முனகிக்கொண்டே மூடும். புதுசு அப்படியில்லை, டேங்க் நிறைந்த நொடியில் பட்டென்று வாயை மூடிக்கொள்ளும். தெருவிலிருந்து வேகமாக ஏறி வருகிற தண்ணீர் திடீரென்று போக வழியில்லாமல் முட்டித் திரும்பும். அந்த முட்டல் முழுவதையும் வாங்கிக்கொள்வது கீழ்வீட்டுப் படுக்கையறை மூலையில் தரையிலிருந்து கூரைவரை ஏறும் இரும்புக் குழாய். மேலே ஒரு சத்தமும் கேட்காது. ஆகவே மேலே இருப்பவர்களைப் பொறுத்தவரை சத்தமே இல்லை.

இன்ஜினியருக்குச் சர்க்கரை வேறு. மணிக்கு ஒரு தரம் போய்த்தான் ஆக வேண்டும். எட்டரைக்கு ஓர் இடி, ஒன்பதரைக்கு ஓர் இடி, நடுவில் நாத்தனார் கணக்கில் ஒன்றிரண்டு. ஒவ்வோர் இடிக்கும் அவள் புருஷன் தூக்கி வாரிப் போட்டு எழுந்து உட்காருவான். இரண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடிப்பது போல முன்னால் நீண்டிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கோபம் கிளம்பும்.

முதல் நாளே மேலே போய்ச் சொன்னாள். நாத்தனார், ஏதோ பக்கத்துத் தெருவில் கட்டிட வேலை நடக்கிறது, அந்தச் சத்தமாக இருக்கும் என்றாள். இரண்டாம் தரம், பகலில் மட்டும் ஃப்ளஷை அழுத்தாமல் வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள முடியுமா அண்ணி என்று கேட்டாள். பணிவாகத்தான் கேட்டாள். நாத்தனார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என் வீட்ல நான் கக்கூஸ் போறதுக்கு உன்கிட்ட டோக்கன் வாங்கணுமா?"

அதோடு நிற்கவில்லை. தம்பியைப் பத்து வயதிலிருந்து யார் வளர்த்தது, கல்யாணமானதும் கீழ்வீட்டை ஒழித்துக் கொடுத்தது யார் என்று வரிசையாக வந்தது. இந்த வரிசை அவளுக்கு மனப்பாடம். பதினோரு வருஷமாகக் கேட்கிறாள். புருஷனிடம் சொன்னால், "அக்காகிட்ட எப்படிச் சொல்றது, விடு" என்பான். வளர்த்தவளை எதிர்த்துப் பேச அவனுக்கு நாக்கு எழாது. எல்லார் சார்பிலும் கோபப்படுகிற வேலை அவள் ஒருத்தி தலையில்தான் விழுந்தது.

இன்ஜினியர் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. புது வால்வின் மூடியைக் கழற்றி மண் அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். சுத்தமாக இருந்தது. டேங்குக்குக் கீழே சுவரில் தண்ணீரை மூடித் திறக்கிற திருகைப் பாதி மூடி வைத்தார். அன்றைக்கு இடி பாதியாகக் குறைந்தது. டம்மெல்லாம் தொம் ஆனது. அவளும் அப்பாடா என்றிருந்தாள். மறுநாள் பழையபடி சம்மட்டி. விசாரித்தால், டேங்க் நிறையக் கால் மணி நேரம் ஆகிறது என்று நாத்தனார் திருகை முழுசாகத் திறந்துவிட்டிருந்தாள். கேள்விப்பட்டபோது அவள் கையில் கத்திரிக்கோல் இருந்தது. யாரோ தைக்கக் கொடுத்த சட்டையின் காலரைக் கோணலாக வெட்டிவிட்டாள்.

அதற்கப்புறம் இன்ஜினியர் கீழே வர ஆரம்பித்தார். மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் காலை ஒன்பது, பத்து என்று அவன் தூங்குகிற நேரம். முதல் தடவை நாத்தனாரும் கூடவே வந்தாள். சமையலறையில் நின்று பேசினார்கள். அவர் பேச்சில் கவனமே இல்லாமல் சமையலறைக் கதவின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே துடைப்பமும் தரை துடைக்கிற மாப்பும் இரண்டு இரும்பு வளையத்தில் ஒழுங்காக மாட்டியிருந்தன. அது அவள் தன் கையாலேயே அடித்தது. வந்தது குழாய் விஷயம், பார்ப்பது என் துடைப்பத்தையா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்த்துவிட்டு அவர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

இரண்டாம் தடவை தனியாக வந்தார். "பீரோவைக் கொஞ்சம் நகர்த்திப் பாக்கணும்மா" என்றார். புருஷன் தூங்குகிறார் என்று அவரை அவள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். மூன்றாம் தடவையும் அதே பீரோ. அப்போது அவளுக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. மேலே வால்வை மாற்றிவிட்டு, கீழே என் பீரோவில் குற்றம் கண்டுபிடிக்கப் பார்க்கிறீர்களா அண்ணே என்று கேட்டுவிட்டாள். அவர் வாயைத் திறந்தார். மாடியிலிருந்து நாத்தனாரின் குரல், "என்னவாம்?" என்று வந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு படியேறினார்.

மூன்று வாரத்தில் அவன் முகம் மாறிப்போனது. காலையில் அவன் வந்ததும் அவள் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை, கண்ணைத்தான் பார்ப்பாள். வெள்ளை விழி முழுக்கச் சிவப்பு. போன வாரம் பஸ்ஸின் பக்கவாட்டை ஒரு பாலத்துச் சுவரில் உரசிவிட்டான். யாருக்கும் ஒன்றுமில்லை, ஆனால் டிப்போவில் கூப்பிட்டு, இன்னொரு தரம் இப்படி நடந்தால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். வேலை போனால் போகட்டும், ஆள் மிஞ்ச வேண்டுமே என்பதுதான் அவள் கவலை.

வியாழக்கிழமை காலை அவன் வந்து சாப்பிட உட்கார்ந்தான். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண்ணைத் தொறந்தப்போ வண்டி மண்ணுல ஓடிட்டிருந்துச்சு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. ரோட்டை விட்டு இறங்கியிருந்ததாகவும், எத்தனை தூரம் அப்படிப் போனது என்று தனக்கே தெரியாது என்றும், பின்னால் நாற்பத்திரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்றும் அவன் சொன்னான். ஸ்டியரிங்கை ஒடித்து ரோட்டுக்கு ஏற்றிவிட்டான். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் தெரியாது, நீயும் யாரிடமும் சொல்லாதே என்றான். பாதி தட்டோடு கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்தான்.

அவள் தட்டைக்கூட எடுக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடம் கழித்து மேலே சர்ரென்று தண்ணீர் ஓடியது. ஓடுவதைக் கேட்டுக்கொண்டே எழுந்தாள். நின்றது. டம், டம், டம்டம்டம். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

படிகளை எப்படி ஏறினாள் என்று அவளைக் கேட்டால் தெரியாது. நாத்தனார் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இன்ஜினியர் அப்போதுதான் கக்கூஸிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷமாக அவள் விழுங்கியதெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. வளர்த்தேன் வளர்த்தேன் என்கிறீர்களே, வளர்த்த பிள்ளை தினமும் சாகாமல் வீட்டுக்கு வருகிறானா என்று ஒரு நாளாவது எட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டாள். திருகைத் திறந்துவிட்ட அந்தக் கை என்ன கை என்று கேட்டாள். யாரிடமும் சொல்லாதே என்று அவன் சொன்னதையும் மறந்து, பஸ் மண்ணில் ஓடியதைச் சொன்னாள். நாத்தனார் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. 

"அவருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, யாரால ஆச்சுன்னு தெரு முழுக்கச் சொல்லுவேன் அண்ணி. யாரா இருந்தாலும் விடமாட்டேன்."

அப்புறம் இன்ஜினியர் பக்கம் திரும்பினாள். பீரோவை நகர்த்த வேண்டும் என்றீர்களே, இப்போதே வாருங்கள், நகர்த்துங்கள், பின்னால் ஒன்றும் இல்லையென்றால் அந்த வால்வை உங்கள் கையாலேயே பிடுங்கித் தெருவில் எறிய வேண்டும் என்றாள். அவர் கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டார். மனைவியிடம், நீ இங்கேயே இரு என்றார். அந்த வீட்டில் அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நாத்தனார் அங்கேயே இருந்தாள்.

கீழே அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அவள் கையைப் பிடித்து எழுப்பி ஹாலில் பாயை விரித்துப் படுக்க வைத்தாள். 

பீரோ பழைய இரும்பு பீரோ, மூன்று மாதத்துக்கு முன் யாரோ வீடு காலி செய்யும்போது வாங்கியது. இரண்டு பேருமாக ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார்கள். தரையைக் கீறிக்கொண்டு ஒரு முழம் நகர்ந்தது. இன்ஜினியர் டார்ச்சை அடித்தார்.

குழாய் அந்தரத்தில் நின்றது. தரையிலிருந்து கூரைவரை அதைப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. சுவரில் அது மோதி மோதி ஓரிடத்தில் காரை உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து, கீழே பொடியாகக் கொட்டிக் கிடந்தது. பீரோவின் முதுகுத் தகட்டிலும் ஒரு பள்ளம். அவர் இரண்டு விரலால் குழாயைத் தள்ளினார். ஆடியது. இடுப்பு உயரத்தில் இரண்டு ஓட்டை, தலை உயரத்தில் இரண்டு ஓட்டை. ஸ்க்ரூ இருந்த இடம்.

 அந்த ஓட்டைகளை அவளுக்குத் தெரியும்.

பீரோ வந்த அன்று அது சுவரோடு ஒட்டவில்லை. குழாயைப் பிடித்திருந்த இரண்டு கிளாம்ப்பும் இரண்டு விரல்கடை வெளியே துருத்திக்கொண்டிருந்தன. அதனால் அறைக் கதவு பீரோவில் இடித்துப் பாதிதான் திறந்தது. அவன் டூட்டிக்குப் போயிருந்தான். ஆளுக்குக் காத்திருக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. இந்தக் குழாய் எங்கே ஓடிப்போகப் போகிறது, இதற்கு எதற்கு இரண்டு காப்பு என்று மெஷின் டிராயரிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து இரண்டையும் கழற்றிவிட்டாள். பழைய வால்வு இருந்தவரை குழாய் ஆடவும் இல்லை, அவளுக்கு அது நினைவில் நிற்கவும் இல்லை. நல்ல கனமான இரும்பு, வீணாக்குவானேன் என்று சமையலறைக் கதவுக்குப் பின்னால் அடித்துத் துடைப்பத்தை மாட்டினாள்.

அவள் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள். துடைப்பத்தையே அவர் பார்த்துக்கொண்டு நின்றது இப்போதுதான் புரிந்தது.

"உங்களுக்கு முதல்லயே தெரியுமா அண்ணே?"

அவர் டார்ச்சை அணைத்தார். "மாட்டினவன் நான்தானேம்மா. என் கிளாம்ப் எனக்குத் தெரியாதா?"

"சொல்லியிருக்கலாம்ல?"

"உங்க அண்ணி பக்கத்துல நின்னா. அவ காதுல விழுந்தா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவா. முப்பத்திரண்டு வருஷமா கேட்டுட்டு இருக்கேன். நீயும் எதுக்குக் கேக்கணும்னு, யாரும் பாக்காதப்போ மாட்டிட்டுப் போயிடலாம்னு நெனச்சேன். நீ உள்ளயே விடல."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கண் கலங்கியிருப்பார்கள். அவளுக்குக் கோபம்தான் வந்தது. தன் மேல் வந்த கோபமும் அவர் மேல் வந்த கோபமும் ஒன்றாகச் சேர்ந்து, எது யார் மேல் என்று பிரிக்க முடியவில்லை.

"நான் திட்டு வாங்கக் கூடாதுன்னு, அவரு மூணு வாரம் தூங்காம வண்டி ஓட்டினாரு அண்ணே."

 அவர் பெட்டியைத் திறந்து எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார்.  அதற்கு மேல் பேசுகிற யோக்கியதை தனக்கும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சமையலறைக்குப் போய்த் துடைப்பத்தையும் மாப்பையும் தரையில் போட்டுவிட்டு, அதே ஸ்க்ரூடிரைவரால் இரண்டு கிளாம்ப்பையும் கழற்றிக்கொண்டு வந்தாள்.

அவர் பழைய சைக்கிள் டியூபை நறுக்கிக் குழாயைச் சுற்றி வைத்தார், இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க. ஓட்டைகள் தளர்ந்திருந்ததால் ஸ்க்ரூ பிடிக்கச் சுவரில் புது பிளக் அடிக்க வேண்டியிருந்தது. சுத்தியல் சத்தம் கேட்டு அவன் எழுந்துவிடுவான் என்று அவள் ஹாலை எட்டிப் பார்த்தாள். வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அவள் குழாயை இரண்டு கையாலும் சுவரோடு அழுத்திப் பிடிக்க, அவர் திருகினார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. கையை எடுக்கவில்லை.

பீரோ இனி அறைக் கதவில் இடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டியிருந்தது. நிற்கட்டும் என்றாள்.

கிளம்பும்போது இன்ஜினியர் குரலைத் தாழ்த்தினார். மேலே திருகையும் பாதி மூடிவிடுகிறேன், இனி உங்கள் அண்ணி தொடமாட்டாள். குழாய்க்குள் காற்று அடைத்திருந்தது, எடுத்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லிக்கொள்கிறேன், கிளாம்ப் கதை நம் இரண்டு பேரோடு போகட்டும் என்றார். அவள் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவர் படியேறினார்.

அவள் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மேலே தண்ணீர் ஓடியது. நிதானமாக, வெகுநேரம் ஓடியது. பிறகு நின்றது. உள்ளங்கையில் லேசாக ஒரு துடிப்பு மட்டும் தெரிந்தது. அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது நாத்தனார் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. உள்ளே வராமல், பாயில் கிடக்கிற தம்பியைப் பார்த்தாள். அவன் மூச்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னாலேயே இன்ஜினியர் அவசரமாக இறங்கி வந்தார்.

காற்று அடைத்திருந்ததாமே, இவர் சொன்னார் என்று நாத்தனார் கேட்டாள். திருகை நான் திறந்ததுதான் வினையாகிவிட்டதோ என்றும் கேட்டாள். அந்தக் குரல் அவள் இதுவரை கேட்ட நாத்தனார் குரலே இல்லை. இன்ஜினியர் மனைவியின் தோளுக்குப் பின்னாலிருந்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

பேசாமல் விட்டிருக்கலாம். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நாத்தனார் தலை குனிந்து நிற்கிறாள். ஆனால் யாரா இருந்தாலும் விடமாட்டேன் என்று ஒரு மணி நேரத்துக்கு முன் இதே வாயால் சொல்லியிருந்தாள்.

"காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணி. குழாயைப் பிடிச்சிருந்த கிளாம்ப்பை நான்தான் கழட்டினேன். தொடப்பம் மாட்ட எடுத்துக்கிட்டேன். அண்ணன் மூணு தடவை பாக்க வந்தாரு, நான்தான் விடல."

நாத்தனார் நிமிர்ந்தாள். முகம் மாறுவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. முதலில் புருவம், அப்புறம் மூக்கு. இழுத்து ஒரு மூச்சு விட்டாள். வரிசை முழுவதும் வரப்போகிறது, பத்து வயதிலிருந்து ஆரம்பித்து, இனி இந்தக் கிளாம்ப்பும் அதில் சேர்ந்து, சாகிற வரைக்கும் வரப்போகிறது. இன்ஜினியர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் இரண்டு கையையும் கூப்பாத குறையாக முன்னால் நீட்டினாள்.

"திட்டுங்க அண்ணி. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. ஆனா மெதுவாத் திட்டுங்க, அவரு தூங்குறாரு."

நாத்தனார் பாயைப் பார்த்தாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று மணி வரைக்கும் கிசுகிசுவென்று திட்டினாள்.